கிளிஃபோர்ட் ஸ்டாதர்ஸும் சூடான சுவரும்

கிளிஃபோர்ட் ஸ்டாதர்ஸ் ஒரு பெட்டி தேநீர்ப் பை வாங்கிவந்தால், மேசையில் கொட்டி எண்ணிப் பார்த்த பிறகுதான் தண்ணீர் கொதிக்க வைப்பார். எண்பது என்று போட்டிருந்தால் எண்பது இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை ஒன்று குறைந்துவிட்டது. அவ்வளவுதான், அந்த மனுஷனுக்கு ஆயுசுக்கும் அது போதும். கம்பெனிக்கு எழுதிப் போட்டார். அவர்களும் மன்னிப்புக் கேட்டு இன்னொரு பெட்டி அனுப்பிவைத்தார்கள். அந்தப் பெட்டியையும் எண்ணினார்.

நான் கெய்னர். அவருக்கு அடுத்த வீடு. ஹல் நகரத்தில், பழைய மீன்துறைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அவர் முன்னறைக்கும் என் முன்னறைக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். முப்பது வருஷமாக அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். என் டிவி சத்தம் கொஞ்சம் கூடினால் போதும், அங்கிருந்து டொக் டொக் என்று தட்டு விழும். என் பையன் கிரெய்க் சின்ன வயதில் பந்தைச் சுவரில் எறிந்தால் தட்டு. என் வீட்டுக்காரர் டெரெக் இருமினால்கூடத் தட்டு. டெரெக் போய்ச் சேர்ந்த வாரம் மட்டும் தட்டவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்து, சொல்லாமலே விட்டுவிட்டேன்.

யாரையும் நம்பமாட்டார். கதவைத் திறக்கமாட்டார், கதவில் கடிதம் போடுவதற்கென்று வெட்டியிருக்கிற சந்து வழியாகத்தான் பேச்சு. தபால்காரரானாலும் சரி, பாதிரியாரானாலும் சரி, குனிந்து அந்தச் சந்தில் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். பால் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைப்பார். தனியாக இருக்கிற வீட்டில் யார் வந்து பாலைக் குடிக்கப் போகிறார்கள் என்று கேட்டால், "அதைத்தான் கண்டுபிடிக்கணும்" என்பார். அவர் மனைவி மேவிஸ் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, விரலிலிருந்து கழற்றிய மோதிரத்தை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு இந்த மனுஷன் நேராக நகைக்கடைக்குப் போனார். தங்கம்தானா, மாற்றிவிட்டார்களா என்று உரசிப் பார்க்கச் சொன்னார். நகைக்கடைக்காரர் தங்கம்தான் என்றதும் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாராம். கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிறவியிலேயே இப்படி என்று சொல்ல முடியாது. பதினாறு வயதில் மீன்துறையில் கூடை இறக்கப் போனவர். தராசுத் தட்டின் ஓரத்தில் மேஸ்திரியின் கட்டைவிரல் எந்தப் பக்கம் அழுத்துகிறது என்பதை அங்கேதான் பார்க்கக் கற்றுக்கொண்டார். கப்பல்கள் நின்றுபோன பிறகு கேரவன் வண்டி செய்கிற ஆலையில் இருபத்தைந்து வருஷம். மாதாமாதம் ஓய்வூதியத்துக்கென்று பிடித்தார்கள். ஆலையை மூடியபோது பார்த்தால் அந்தப் பணத்தில் பாதியைக் காணோம். யார் எடுத்தது என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆகவே அவர் எல்லாரையும் சந்தேகப்பட்டார். கணக்குப்படி பார்த்தால் அது நியாயம்கூட.

போன வருஷம் கேஸ் விலை ஏறியதும், மாதா மாதம் பில் அனுப்புகிறவர்களை நம்ப முடியாது என்று சொல்லி, முன்கூட்டியே காசு போடுகிற மீட்டரைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். கார்டை எடுத்துக்கொண்டு மூலைக் கடைக்குப் போய்க் காசு ஏற்றி, மீட்டரில் செருக வேண்டும். போட்ட காசு தீரும்வரை கேஸ் வரும். "என் காசு என் வீட்டுக்குள்ளயே இருக்கு. எவனும் தொட முடியாது" என்று அவ்வளவு பெருமை.

ஏப்ரல் மாதம் குளிர் விட்டதும் கேஸ் குழாயின் பிடியைத் திருகி மூடிவிட்டார். அவருக்குக் கேஸ் என்றால் முன்னறையில் இருக்கிற கணப்பு ஒன்றுதான். சமையல் மின்சார அடுப்பில், அதுவும் நாளுக்கு ஒரு தடவை. அதோடு நிறுத்தினாரா? இல்லை. கோடையில் மிச்சம் பிடித்த காசை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மீட்டரில் போட்டுவைத்தார். குளிர்காலத்துக்குச் சேமிப்பாம். வங்கியை நம்பாத மனுஷன் மீட்டரை உண்டியலாக்கிவிட்டார். எங்கள் தெருவில் இதைச் செய்கிறவர் அவர் மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக் கடிதச் சந்து படாரென்று திறந்தது.

"ஏம்மா கெய்னர்! என் அம்பத்துநாலு பவுண்டு எங்க?"

"எந்த அம்பத்துநாலு பவுண்டு?"

"உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கிழங்கு உரிக்கிறதுதான். உள்ள வந்து சொல்லுங்க, இல்ல சந்த மூடுங்க. குளிர் வருது."

"நான் வரல. நீ வா. வந்து கைய வெச்சுப் பாரு. அப்புறம் பேசு."

கத்தியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன். போகிற வேகத்தில் மறந்துவிட்டது. அவர் அதைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

உள்ளே மீன் வைக்கிற குளிர்க்கிடங்கு மாதிரி இருந்தது. வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டு, தொப்பி. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற மீட்டரைக் காட்டினார். கேஸ் பிடியின் மேல் டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேல் தன் கையெழுத்தைப் போட்டுவைத்திருக்கிறார். யாராவது திறந்தால் கையெழுத்து கிழிந்துவிடுமாம்.

"பாத்தியா? கிழியல. ஏப்ரல்லேர்ந்து ஒரு பொட்டு கேஸ் நான் எரிக்கல. அறுபது பவுண்டு போட்டேன். இப்ப ஆறு இருக்கு. மூடி வெச்ச கேஸ் எங்க போச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானா உங்க மீட்டர்ல குடியிருக்கேன்?"

என்னை முன்னறைக்குக் கூட்டிப்போனார். அவருடைய நாற்காலி கணப்பின் பக்கம் இல்லை. முதுகு என் வீட்டுச் சுவரில் ஒட்டியபடி போட்டிருந்தது. அதை நகர்த்திவிட்டு, "கைய வை" என்றார். வைத்தேன். இதமான சூடு.

"சூடா இருக்குல்ல?"

"இருக்கத்தான் செய்யும். அந்தப் பக்கம் என் முன்னறை ரேடியேட்டர் இருக்கு."

"அதுல எரியறது யாரு கேஸ்?"

பாருங்கள் இந்த அநியாயத்தை! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுச் சம்பாதிக்கிறேன், ஒரு மாதம் பில் கட்டத் தவறியது கிடையாது. "யோவ்!" என்று ஆரம்பித்து நான் பேசிய பேச்சை எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு அவர் சொன்னார்:

"குத்தம் இல்லாதவ இவ்வளவு கத்த மாட்டா."

அந்த முன்னறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளிஃபோர்டைத் தவிர எங்கள் தெருவில் யாருக்கும் முன்னறை என்பது உட்காருவதற்கு இல்லை. நல்லது கெட்டதுக்கு மட்டும். நல்ல சோபா, நல்ல கம்பளம், கண்ணாடி அலமாரியில் நல்ல கோப்பைகள். சவப்பெட்டி வைக்க, கல்யாணப் பேச்சுப் பேச, பாதிரியார் வந்தால் உட்கார. மற்ற நாளெல்லாம் கதவு சாத்தியிருக்கும், நாங்கள் பின்னறையில் கிடப்போம். ஆனால் ஈரம் ஏறினால் சோபா கெட்டுப்போகும் என்று செப்டம்பர் கடைசியிலிருந்து மே வரைக்கும் அங்கே ரேடியேட்டர், அதாவது கேஸ் பாய்லரின் வெந்நீர் ஓடுகிற அந்தச் சுவர்த் தகடு, எரிய வேண்டும். எங்கம்மா அப்படித்தான் செய்தாள், நானும் அப்படியே செய்கிறேன். கிரெய்க் லீட்ஸிலிருந்து ஒவ்வொரு தடவை வரும்போதும், "ஆளே உக்காராத ரூமுக்கு எதுக்கும்மா இவ்வளவு காசு?" என்று கேட்பான். அவனுக்கு என்ன தெரியும்?

மறுநாள் நானே அவர் வீட்டுச் சந்தில் வாயை வைத்தேன்.

"கிளிஃப்! பதினஞ்சு நாள் என் முன்னறை ரேடியேட்டர அணைச்சுடறேன். உங்க காசு எறங்குறது நின்னா நான் திருடி. நிக்கலேன்னா நீங்க தெருவுல நின்னு எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

உள்ளே செருப்புச் சத்தம் கதவை நெருங்கியது.

"நீ அணைச்சேன்னு நான் எப்படி நம்புறது?"

"வந்து டேப் ஒட்டிட்டுப் போங்க!"

வந்தார். நிஜமாகவே டேப்பும் பேனாவும் கொண்டுவந்தார். முன்னறை வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, பொத்தல் விழுந்த காலுறையோடு கம்பளத்தின் ஓரமாகவே நடந்துபோய், ரேடியேட்டர் குமிழை மூடி, டேப் ஒட்டி, கையெழுத்துப் போட்டார். உட்காரச் சொன்னேன். சோபாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டார்.

அந்தப் பதினைந்து நாளில் நடந்ததை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து காதால்தான் பார்த்தேன். முதலில் கணப்பு மூட்டுகிற டிக் டிக் சத்தம். முன்பெல்லாம் நவம்பர் பாதியில்தான் அது கேட்கும். இந்தத் தடவை மூன்றாம் நாளே கேட்டது. பிறகு இருமல். முதலில் காலையில் மட்டும், பிறகு மதியமும். மூலைக் கடைக்காரி, "கிளிஃப் ரெண்டாவது தடவையா இருபது பவுண்டு ஏத்திட்டுப் போறாரு, உடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் கேட்டாள். நான் பாலுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

என் பக்கம் நிலைமை வேறு. சமையலறையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அன்றன்றைக்கு எவ்வளவு செலவாகிறது என்று காட்டும். முன்னறையை அணைத்ததும் அது இறங்கியது. நன்றாகவே இறங்கியது. வாரக் கடைசியில் நல்ல இறைச்சியாக ஒரு துண்டு வாங்கினேன். கிரெய்க் சொன்னது சரிதானோ, அம்மாவின் சோபாவுக்காக இத்தனை வருஷம் காசை எரித்தேனோ என்று தோன்றியது. இனிமேல் அந்தக் குமிழைத் திறக்கவே போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

பதினைந்தாம் நாள் சந்து வழியாகப் பேச்சுவார்த்தை.

"சுவர் ஆறிப்போச்சு," என்றார் அவர். குரல் கரகரத்தது. "பிடிபட்டதும் நிறுத்திட்ட."

"மீட்டர் நின்னுச்சா?"

"...எறங்குது. ஆனா இப்ப நான் கணப்பு மூட்டுறேன். கணக்குச் சரியா வராது."

"அப்ப ரெண்டு நாள் மூட்டாம இருங்க. பகல்ல லைப்ரரில போய் உக்காருங்க, அங்க சூடாத்தான இருக்கும். காலைல மீட்டரப் பாருங்க, மறுநாள் காலைல பாருங்க."

அப்படியே செய்தார். பிடியை மூடி, டேப் ஒட்டி, கையெழுத்தும் போட்டு. முதல் நாள் முப்பது பென்ஸ் குறைந்தது. இரண்டாம் நாளும் முப்பது பென்ஸ். ஒரு பென்னி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் அதைச் சந்து வழியாகச் சொன்னார். இதுவரை அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"கிளிஃப், இது ஆள் வெச்சு எடுக்குற திருட்டு இல்ல. ஆள் எடுத்தா ஒரு நாள் கூட எடுப்பான், ஒரு நாள் குறைச்சு எடுப்பான். தினம் ஒரே அளவா எடுக்குறவனுக்கு எங்கயோ ஆபீஸ் இருக்கு."

சந்துக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் நகர்ந்தது. பிறகு கதவு திறந்தது. நிஜமாகவே திறந்தது.

"உள்ள வா. கால தொடைச்சுட்டு வா."

வார நாட்களில் லைப்ரரியில் ஒரு மூலையில் மேசை போட்டு பெலிண்டா என்று ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். கேஸ், கரண்டு, வாடகை, எதுவானாலும் இலவசமாகப் பார்த்துச் சொல்வாள். கிளிஃபோர்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன். "இலவசமாச் சொல்றவளுக்கு யார் சம்பளம் குடுக்குறா?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். மீட்டர் கார்டைக் காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

பெலிண்டா அவர் சொன்னதை எல்லாம் கேட்டாள். டேப் கதையையும் சேர்த்து. சிரிக்கவில்லை, அது பெரிய விஷயம்.

"யாரும் திருடல கண்ணு. அது நிலைக் கட்டணம். நீங்க எரிச்சாலும் எரிக்காட்டியும் கனெக்‌ஷன் இருக்குற ஒவ்வொரு நாளைக்கும் உண்டு. கோடையிலயும் உண்டு. மீட்டர் தன்னால கழிச்சுக்கும்."

கிளிஃபோர்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் மீனே வாங்கல. கடைக்குப் பக்கத்துல வீடு இருக்குங்கறதுக்காக மீன்காரனுக்குத் தினம் காசு குடுக்கணுமா?"

"அதேதான்."

"இது எனக்கும் உண்டா?" என்று நான் கேட்டேன்.

"எல்லாருக்கும் உண்டு. உங்களுக்கு வங்கிலேர்ந்து மொத்தமாப் போகுது, பெரிய பில்லுக்குள்ள அது தெரியாது. இவருக்குப் பில்லே அதுதான். கம்மியா எரிக்கிறவங்களுக்குத்தான் இது வலிக்கும்."

முப்பது வருஷமாக நானும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்! என்னையே ஒரு அறை விடலாமா என்று இருந்தது. கிளிஃபோர்ட் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது, அது இன்னும் எரிச்சல்.

பெலிண்டா கணினியில் இரண்டு திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள். ஒன்று இப்போது இருப்பது: தினக்கட்டணம் உண்டு, யூனிட் விலை மலிவு. இன்னொன்று வேறொரு கம்பெனியுடையது: தினக்கட்டணமே கிடையாது.

"கெடையாதா?" கிளிஃபோர்ட் நாற்காலியை முன்னால் இழுத்தார். "எந்தக் கம்பெனிக்காரன் தன் காச விட்டுக்குடுப்பான்? அத எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்?"

"யூனிட் விலைல. ஒவ்வொரு யூனிட்டும் இதவிட ரொம்பக் கூட. சரியாத்தான் கேட்டீங்க. நெறைய பேர் கேக்காமலே கையெழுத்துப் போட்டுடுவாங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சந்தேகத்துக்கு ஒருத்தி பாராட்டுக் கொடுத்துவிட்டாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"கம்மியா எரிக்கிறவருக்கு ரெண்டாவது நல்லது, நெறைய எரிக்கிறவருக்கு முதலாவது நல்லது," என்று சொல்லிக்கொண்டே, கார்டை வைத்து அவர் எரித்த கணக்கை எடுத்துப் பார்த்தாள் பெலிண்டா. புருவத்தைச் சுருக்கினாள். "போன குளிர்காலம் இவ்வளவுதானா? இந்த மாதிரிப் பழைய வீட்டுல இது பத்தாதே. எப்படிச் சமாளிச்சீங்க?"

"கோட்டுப் போட்டுக்குவேன்."

"கோட்டு மட்டும் போதாது கண்ணு. ஆனா இது என்ன, இந்த ரெண்டு வாரத்துல மட்டும் மூணு மடங்கு ஏறிருக்கு? இன்னும் பனிகூட ஆரம்பிக்கலையே. வீட்டுல என்ன மாறுச்சு?"

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது என்பது, அவர் என் பக்கம் திரும்பாமல் கார்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது. முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்த அந்த நாற்காலி என் கண்முன்னால் வந்தது. இத்தனை குளிர்காலமும் அந்த மனுஷனைக் காப்பாற்றியது கோட்டு இல்லை. எங்கம்மாவின் சோபாவுக்காக நான் எரித்த கேஸ்.

நான்தான் பெலிண்டாவிடம் சொன்னேன், சுவரைப் பற்றி. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்படின்னா கணக்கு என் கையில இல்ல. அந்தச் சுவர் சூடா இருந்தா ரெண்டாவது திட்டம், வருஷத்துக்கு அம்பது பவுண்டுக்கு மேல மிச்சம். சுவர் ஆறிப்போயிருந்தா ரெண்டாவதுல போனா இவர் பாடு அவ்வளவுதான், எரிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் கழுத்தறுக்கும். சுவர் சூடா இருக்குமா, இருக்காதா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாங்கிய இறைச்சித் துண்டு, இறங்கிய கணக்கு, திறக்கவே போவதில்லை என்ற முடிவு எல்லாம் எனக்குள் இருந்தது. வாயைத் திறப்பதற்குள் கிளிஃபோர்ட் எழுந்துவிட்டார்.

"முதல் திட்டமே இருக்கட்டும். அடுத்தவ வீட்டுக் குமிழ நம்பி நான் குளிர்காலத்த ஓட்ட மாட்டேன்."

"காசு கூட ஆகும் கண்ணு."

"ஆகட்டும். அந்தக் காசு யார்கிட்ட போகுதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல."

திரும்பி வரும்போது அவர் தெருவின் அந்த ஓரம், நான் இந்த ஓரம். நடுநடுவே நின்று இருமினார். நான் நிற்காத மாதிரி நின்றேன். தெருவில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற பந்தயம் நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்னறைக்குள் போனேன். குளிர்ந்து கிடந்தது. நல்ல கோப்பைகள், நல்ல கம்பளம், டெரெக்கின் சவப்பெட்டிக்குப் பிறகு யாரும் உட்காராத நல்ல சோபா. எங்கம்மாவும் நானுமாக எத்தனை வருஷம் யாருமில்லாத இடத்துக்குச் சூடு காட்டினோம் என்று நினைத்திருந்தேன். யாருமில்லாமல் இல்லை, விருந்தாளி சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். டேப்பைக் கிழித்தேன், அவர் கையெழுத்தோடு சேர்த்து. குமிழைத் திருகினேன். இறைச்சி போனால் போகிறது, சனியன்!

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. டிக் டிக் சத்தம் நின்றது. மூன்றாம் நாள் காலையில் என் முன்கதவில் தட்டு. சந்தில் இல்லை, கதவில். திறந்தால் கிளிஃபோர்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"சுவர் சூடாயிருக்கு. டேப்பக் கிழிச்சிட்ட."

"ஆமா. போலீஸக் கூப்பிடப் போறீங்களா?"

"பாக்கணும்."

உள்ளே வந்தார். ரேடியேட்டரைத் தொட்டார். அதிலிருந்து போகிற குழாயைக் குனிந்து தடவிக்கொண்டே, கதவு தாண்டி, நடை தாண்டி, என் பாய்லர் வரைக்கும் போனார். பாய்லரிலிருந்து என் மீட்டர் வரைக்கும் போனார். அந்த மீட்டரின் எண்ணைக்கூடக் கண்ணாடி போட்டுப் படித்தார். எல்லாம் என் கேஸ்தான் என்று தீர்ந்த பிறகு முன்னறைக்குத் திரும்பி வந்து, யாரும் சொல்லாமலே, நல்ல சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

நல்ல கோப்பையை எடுத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"எழுபத்திநாலு வயசாச்சு கெய்னர். எவன் எங்கிட்டேர்ந்து எடுக்குறான், எவன் எடுக்குறான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசில எடுத்தது நானு."

கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அதனால் கோபம் வந்துவிட்டது.

"நீங்க எங்க எடுத்தீங்க? சுவர் குடுத்துச்சு, வாங்கிக்கிட்டீங்க. தேநீரக் குடிங்க, ஆறிப்போகுது."

"ஒரு யூனிட் உனக்கு என்ன வெல?"

"எதுக்கு?"

"எவ்வளவு ஆச்சுன்னு பாத்துக் குடுத்துடறேன்."

"அந்தக் கோப்பையைத் தூக்கி உங்க தலையில போட்டேன்னா தெரியும்! என் சோபாவுக்குத்தான் எரிக்கிறேன். உங்களுக்கு இல்ல."

அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. தர்மம் இல்லை, சோபாவுக்குத்தான் என்றால் அவருக்குச் சம்மதம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கோட்டுப் பையைத் தடவியபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நேத்து பெலிண்டாவப் பாத்துட்டு வந்தேன். ரெண்டாவது திட்டத்துக்கு மாத்திட்டேன்."

மேவிஸின் மோதிரத்தை உரசிப் பார்த்த மனுஷன். தேநீர்ப் பையை எண்ணுகிற மனுஷன். என் குமிழை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"நான் அணைச்சுட்டேன்னா?"

"செத்தேன்," என்றார் சாதாரணமாக.

"அப்ப என்னை நம்புறீங்க."

"யாரு சொன்னா? தெனம் சுவரத் தொட்டுப் பாப்பேன்." எழுந்து, சோபாவில் தான் உட்கார்ந்த இடத்தைக் கையால் நீவிச் சரிசெய்துவிட்டுப் போனார்.

ஜனவரியில் கடும்பனி. என் பில் வந்தது. பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மாதம் கிரெய்க்கின் பிறந்தநாள் வேறு. கொஞ்சம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று மதியமே முன்னறைக்குப் போய்க் குமிழைப் பாதியாகக் குறைத்துவிட்டு, சாயங்காலம் சமையலறையில் மீன் வறுக்கப் போய்விட்டேன்.

மீன் ஒரு பக்கம் சிவந்து, மறுபக்கம் திருப்பிப் போட்டிருப்பேன். சுவரில் டொக் டொக்.

"யோவ்! சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று கரண்டியோடு ஓடினேன். கத்திக்கொண்டேதான் குமிழைத் திருகினேன். முன்பிருந்த இடத்தையும் தாண்டி, கடைசி வரைக்கும் திருகினேன். பிறகு அங்கேயே சோபாவில் உட்கார்ந்து, அந்தத் தகடு சூடாகும் வரைக்கும் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தட்டு விழுந்தது. இந்தத் தடவை ஒரே ஒரு தட்டு, மெதுவாக.

முப்பது வருஷத்தில் அவர் அந்தச் சுவரில் தட்டி நான் கேட்டதெல்லாம் புகார்தான். இது புகார் இல்லை. மீன் அங்கே கருகிக்கொண்டிருந்தது. கரண்டியின் காம்பைத் திருப்பிப் பிடித்து, நானும் ஒரு தட்டுத் தட்டினேன்.